பாதியில் நின்ற திருட்டு

“ரத்தம் வராத, ஆளைச் சாகடிக்காத, அதே சமயம் பத்து வயதுப் பிள்ளை ‘இது சின்னப் பிள்ளைங்க கேம்’ என்று தள்ளி வைக்காத விளையாட்டு ஒன்றையாவது சொல்லக் கூடாதா?” பாலிங்கிலிருந்து ஒரு தாய் இப்படிக் கேட்டிருந்தார். அவருக்காக இந்த வாரம் ஒரு பழைய சரக்கை எடுத்து வருகிறேன். பழையது என்று முகம் சுளிக்க வேண்டாம். 2004-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த ‘ஸ்லை 2: பேண்ட் ஆஃப் தீவ்ஸ்’தான் அது. 2024 டிசம்பரில் சோனி இதை பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டுக்கும் மறுபடி இறக்கியிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை நடுநிலையாக எடைபோட நான் சரியான ஆள் இல்லை. கோலா கெத்தில் பக்கத்துத் தோட்ட வீடு ஒன்றில், 2006 கடைசியில், பள்ளி விடுமுறையில், நானும் அக்காவும் தம்பியும் இந்த விளையாட்டை முக்கால்வாசிகூட முடிக்க முடியாமல் பாதியில் விட்டோம். அந்தப் பாதி பத்தொன்பது வருடமாக மனசில் கிடந்தது.

முதலில் கதை. ஸ்லை கூப்பர் ஒரு ரக்கூன். பரம்பரைத் திருடன். ஆனால் திருடர்களிடம் மட்டுமே திருடுவது அவன் குடும்பத்து வழக்கம். ‘மலைக்கள்ளன்’ பார்த்து வளர்ந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. அவனுக்கு இரண்டு கூட்டாளிகள். பென்ட்லி என்கிற ஆமை, கண்ணாடி போட்ட மூளைக்காரன், சரியான பயந்தாங்கொள்ளி. மர்ரே என்கிற நீர்யானை, முரட்டு பலம், வேன் ஓட்டுவது அவன்தான். ஸ்லையின் அப்பாவைக் கொன்ற க்ளாக்வெர்க் என்ற இயந்திர ஆந்தையை முதல் பாகத்தில் வீழ்த்திவிட்டார்கள். இரண்டாம் பாகம் தொடங்கும்போது அந்த ஆந்தையின் உறுப்புகள் கெய்ரோ அருங்காட்சியகத்திலிருந்து களவு போயிருக்கின்றன. எடுத்தவர்கள் ஒரு கும்பல். ஆளுக்கு ஒன்றிரண்டு உறுப்பு, ஆளுக்கு ஒரு நாடு. எல்லாம் ஒன்று சேர்ந்தால் ஆந்தை மறுபடி எழும். அதற்குள் ஒவ்வொன்றையும் திருடி மீட்க வேண்டும்.

2002-இல் வந்த முதல் பாகம் அழகானதுதான். கையால் வரைந்த கார்ட்டூன் போன்ற அந்தப் படங்கள் இன்றும் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் விளையாட்டு ஒரே நேர்கோடு. ஓடு, தாவு, தடியால் அடி, சாவியை எடு, அடுத்த இடத்துக்குப் போ. அதிர்ஷ்ட லாடம் கையில் இல்லாவிட்டால் ஒரே அடியில் ஆள் காலி. பென்ட்லியும் மர்ரேயும் பெரும்பாலும் வேனிலேயே இருப்பார்கள்.

சியாட்டல் பக்கத்து ‘சக்கர் பஞ்ச்’ நிறுவனத்தார் இரண்டாம் பாகத்தில் இதை அடியோடு மாற்றினார்கள். பின்னாளில் ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ செய்து உலகப் பேர் வாங்கியவர்கள் இவர்களே. வெற்றி பெற்ற ஒரு விளையாட்டின் அடுத்த பாகம் என்றால் வழக்கமாக என்ன செய்வார்கள்? இன்னும் பெரிய வில்லன், இன்னும் பத்துக் கட்டம், அவ்வளவுதான். இவர்கள் நேர்கோட்டையே தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு திறந்த ஊர். கூரை, சந்து, சுவர், கம்பி என்று எங்கும் ஏறி இறங்கலாம். ஒரு மூலையில் மூவரும் பதுங்கும் வீடு. அங்கிருந்து ஏழெட்டு வேலைகள். சிலது ஸ்லைக்கு, சிலது பென்ட்லிக்கு, சிலது மர்ரேக்கு. எல்லாம் முடிந்த பிறகே பெரிய திருட்டு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் திருட்டு அல்ல, திருட்டுக்கு முந்தைய வேலை. புது ஊருக்குப் போனதும் ஸ்லை முதலில் செய்வது வேவு பார்ப்பது. கூரைமேல் உட்கார்ந்து தொலைநோக்கியில் படம் எடுக்க வேண்டும். எந்த வாசலில் காவல், எந்த இடத்தில் பூட்டு, வில்லன் எந்த நேரத்தில் எங்கே போகிறான். அந்தப் படங்களைச் சுவரில் காட்டி பென்ட்லி திட்டம் சொல்வான். அதன் பிறகு சின்னச் சின்ன வேலைகள். ஒருவன் காவலனின் சாவியைப் பையிலிருந்து உருவ வேண்டும். ஒருவன் கணினியைக் கைப்பற்ற வேண்டும். ஒருவன் கனமானதைத் தூக்கி வர வேண்டும். ஒவ்வொன்றும் கடைசித் திருட்டில் எங்கே பொருந்துகிறது என்று அப்போதுதான் புரியும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதே இல்லை. கிராணி வீட்டு ரம்புத்தான் மரத்துக்கு நாங்கள் போனதும் இப்படித்தான். முதலில் ஒருவன் சைக்கிளில் சும்மா போவது போலப் போய் நாய் கட்டிக் கிடக்கிறதா என்று பார்ப்பான். இன்னொருவன் கிராணி எழுந்திருக்கும் நேரத்தைத் தெரிந்து வருவான். மரம் ஏறுகிறவன் கடைசியில்தான். பார்க்காமல் ஏறியவன் கதை என்ன ஆனது என்பது என் தம்பியின் இடது முழங்காலில் இன்றும் எழுதியிருக்கிறது.

இந்த டிஸ்க் எங்கள் வீட்டுக்கு வந்ததும் நேர்வழியில் அல்ல. அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுகிறவர்கள். தீபாவளிப் போனஸில் அப்பா சுங்கைப் பட்டாணியிலிருந்து பழைய பிஎஸ்2 ஒன்றை வாங்கி வந்தார். டிஸ்க் மட்டும் பாசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கு வாங்கிய கள்ளப் பிரதி. திருடர் கதையைத் திருட்டு டிஸ்க்கில் பார்த்தோம் என்று அக்கா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

இது ஒருவர் மட்டும் விளையாடும் விளையாட்டு. எங்களிடமும் ஒரே கண்ட்ரோலர்தான். ஆனால் மூன்று பாத்திரங்கள் இருந்ததால் சண்டை வரவில்லை. ஸ்லை வேலை வந்தால் நான். மர்ரே வேலை வந்தால் தம்பி. பென்ட்லி அக்காவுக்கு. பென்ட்லியை நாங்கள் இருவரும் விரும்பவில்லை என்பதுதான் உண்மை. அவனால் வேகமாக ஓட முடியாது, உயரமாகத் தாவ முடியாது. தூரத்திலிருந்து மயக்க ஊசியை எய்து காவலனைத் தூங்க வைத்து, பக்கத்தில் போய்க் குண்டு வைத்துவிட்டு விலக வேண்டும். பொறுமை வேண்டும். அக்காவிடம் அது இருந்தது. எஸ்பிஎம் எழுதி முடித்திருந்தார். அந்த ஆங்கிலத்தைப் படித்துச் சொல்லவும் வீட்டில் அவர் ஒருவர்தான். நான் அவசரப்பட்டுக் குதித்து மாட்டும்போதெல்லாம், “டேய், முதல்ல படத்த எடுடா. அப்புறம் குதி” என்பார்.

பாரிஸ் அத்தியாயம் முடிந்து கதை இந்தியாவுக்கு வந்தபோது மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். வில்லன் பெயர் ராஜன். எங்கள் தோட்டத்திலேயே மூன்று ராஜன்கள் இருந்தார்கள், அதில் ஒருவர் எங்கள் சித்தப்பா. இந்த ராஜன் ஒரு புலி. கல்கத்தா தெருக்களில் ஏழையாக வளர்ந்து, மசாலாப் பொருள் வியாபாரத்தில் மேலே வந்து, தன்னை ‘மலைகளின் பிரபு’ என்று தானே அழைத்துக்கொள்கிறவன். அவன் மாளிகை விருந்துக்கு ஸ்லை மாறுவேடத்தில் போகிறான். தன்னைப் பிடிக்கத் துரத்தும் அதிகாரி கார்மெலிட்டாவோடேயே நடனமாடி எல்லோர் கண்ணையும் தன் பக்கம் இழுத்து வைக்க, மற்ற இருவரும் ஆந்தையின் சிறகுகளைக் கொண்டுபோய்விடுகிறார்கள். மூன்று பேர் சேர்ந்து செய்யும் வேலைக்கு இதைவிட நல்ல காட்சி இந்த விளையாட்டில் வேறு இல்லை.

அடுத்த அத்தியாயமும் இந்தியாதான், காட்டுக்குள் ஒரு கோயில். அங்கே மசாலா தயாராகிறது. அதைத் தின்றால் ஆளுக்கு வெறி பிடிக்குமாம். பிறகு அப்படிப்பட்டவர்களை மயக்கி ஆட்டிவைக்கலாமாம். அம்மா அப்போது பின்னால் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், “அப்போ நம்ம வீட்ல எல்லாருக்கும் எப்பவோ புடிச்சிருக்கணுமே” என்றார்.

சிரிப்பு இருக்கட்டும். இன்று திரும்ப விளையாடும்போது அந்த இரண்டு அத்தியாயங்கள் கொஞ்சம் உறுத்துகின்றன. யானை, புலி, மாளிகை, இடிந்த கோயில், மசாலா. வெளிநாட்டுக்காரர் கண்ணுக்கு இந்தியா என்றால் எது எது தெரியுமோ அத்தனையும் ஒரே மூட்டையில் இருக்கிறது. ஊர்க்காரர் என்று ஒருவர் இல்லை. நியாயமாகச் சொன்னால் பாரிஸிலும் பிராக் நகரிலும்கூட இல்லைதான். இந்த விளையாட்டின் எந்த ஊரிலும் காவலர்களைத் தவிர யாரும் குடியிருப்பதில்லை. ஊர் பெரிதாகத் திறந்து கிடந்தாலும் உள்ளே வெறுமை. மறைத்து வைத்த முப்பது குறிப்புப் பாட்டில்களைத் தேடிப் பெட்டகம் திறப்பதைத் தவிர, வேலை இல்லாத நேரத்தில் செய்ய ஒன்றும் கிடையாது.

ஆனாலும் ராஜனை வெறும் கேலிச்சித்திரம் என்று தள்ளவும் முடியவில்லை. வறுமையிலிருந்து வந்தவன் தன் மாளிகையை ஊருக்குக் காட்டத் துடிக்கிறான், அந்தத் துடிப்பிலேயே விழுகிறான். கோயிலில் ஸ்லை அடிபட்டு விழ, கோபம் வந்த மர்ரே ராஜனோடு மோதும் சண்டை இருக்கிறதே, தம்பி அதை எழுந்து நின்றுகொண்டே விளையாடினான். ஜெயித்தபோது பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

அதற்கடுத்த நொடியே கதை கவிழ்கிறது. கூட்டாளி போலப் பழகிய போலீஸ்காரி நெய்லா காட்டிக்கொடுக்கிறாள். ஸ்லையும் மர்ரேயும் கைதாகிறார்கள். தப்பியவன் பென்ட்லி மட்டும். இதுவரை பின்னால் நின்று திட்டம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவன், பிராக் நகரத்துச் சிறையிலிருந்து இருவரையும் தனியாக மீட்க வேண்டும்.

இரண்டாம் பாகம் ஏன் உயர்ந்தது என்று என்னைக் கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். மூன்று பாத்திரங்களைக் கொடுப்பது பெரிய விஷயம் இல்லை, நிறைய விளையாட்டுகள் கொடுக்கின்றன. இரண்டு பேரைப் பிடுங்கிக்கொண்டு, உங்களுக்கு யாரைப் பிடிக்கவில்லையோ அவனை மட்டும் கையில் கொடுத்து ‘இப்போது போ’ என்று அனுப்புகிறது இது. கூரை மேல் பறந்து பழகிய கை, தரையில் சுவரோரமாக ஊர்ந்து போக வேண்டியிருக்கிறது. ஸ்லையாக இருந்தால் ஒரே தாவலில் கடந்திருக்கும் சுவர், இப்போது சுற்றிக்கொண்டு போகும் அரை நிமிடப் பாதை. கதை சொல்வதை விரல்களும் உணர்கின்றன.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை. ஏனென்றால் சரியாக அந்த இடத்தில்தான் டிஸ்க் நின்றுபோனது. திரை கருப்பு. மறுபடி போட்டோம், கருப்பு. வெள்ளைத் துணியால் துடைத்தோம். பற்பசை தடவித் தேய்த்தோம், யாரோ சொன்னார்கள் என்று. அடுத்த வாரம் மாற்றலாம் என்று பாசார் மாலாமுக்குப் போனால் அந்தக் கடைக்காரரைக் காணோம். சரி, வேறு டிஸ்க் வாங்கலாம், விடுமுறை இன்னும் இருக்கிறது என்று அக்கா சொன்னார். ஜனவரி முதல் வாரத்தில் அவர் சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். ரிசல்ட் வரும்வரைக்கும்தான் என்று பேச்சு. மார்ச்சில் ரிசல்ட் வந்தது, நல்ல ரிசல்ட். அக்கா தொழிற்சாலையிலேயே இருந்தார். நான் டிப்ளோமா முடித்ததும், தம்பி சிங்கப்பூர் போனதும் அந்தச் சம்பளத்தில்தான்.

இந்தப் பொங்கலுக்கு அக்கா குடும்பத்தோடு கோலா கெத்திலுக்கு வந்திருந்தார். நான் என் பிஎஸ்4-ஐக் காடியில் போட்டுக் கொண்டுபோனேன். பத்து வயது மருமகள் ஆரம்பத்திலிருந்து ஸ்லையாக விளையாடினாள். முதல் அரை மணி நேரம் அவளுக்கு அலுப்பு. காவலன் பின்னால் பதுங்கிப் போகப் பொறுமை இல்லை. பாரிஸில் முதல் திட்டம் கைகூடியதும் பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் மாலை பிராக் வந்தது. “இந்த ஆமைய யாரு மாமா வெளையாடுறது?” என்று கண்ட்ரோலரை நீட்டினாள். அக்கா முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பத்தொன்பது வருடத்துக்குப் பிறகும் பொத்தான்கள் அவர் விரலுக்கு ஞாபகம் இருந்தன. மயக்க ஊசி, குண்டு, விலகு. ஒரு காவலனைக்கூட எழுப்பாமல் சிறை மதில் வரை போனார். நானும் மருமகளும் பேசவில்லை. நடுவில் ஒருமுறை, “இவ்வளவு தூரத்த இவன் ஒருத்தனேவா?” என்றார். திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். முறுக்கு அன்று ராத்திரி பத்து மணிக்குத்தான் சுட்டோம்.

பாலிங் அம்மாவுக்கு இனிச் சில நேரடி விவரங்கள். ரத்தம் கிடையாது. அடிபட்ட காவலர்கள் கார்ட்டூனில் போல மறைந்துவிடுவார்கள். துப்பாக்கி இல்லாமல் இல்லை, கார்மெலிட்டாவிடம் மின்சாரத் துப்பாக்கி ஒன்று உண்டு, பட்டால் சுருண்டு எழலாம். முதல் பாகத்தைப் போல ஒரே அடியில் சாவது இதில் இல்லை, உயிர் அளவு காட்டும் கோடு இருக்கிறது. உரையாடல் முழுக்க ஆங்கிலம். பென்ட்லி வேகமாகப் பேசுவான், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. புதுப் பதிப்பில் பின்னோக்கிச் சுற்றும் வசதியும் நினைத்த இடத்தில் சேமிக்கும் வசதியும் சேர்த்திருக்கிறார்கள். விழுந்ததும் சுற்றிக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகளுக்கு உதவும். எனக்கென்னவோ அதைத் தொட்டால் திருட்டின் படபடப்பே போய்விடுகிறது. அதை ஒளித்து வையுங்கள்.

குறைகளும் சொல்ல வேண்டும். கேமரா சுவர் மூலைகளில் இன்றும் திணறுகிறது. காவலர் பையிலிருந்து காசு உருவும் வேலை முதல் பத்து முறை இனிக்கும், ஐம்பதாவது முறை கை வலிக்கும். கணினியைக் கைப்பற்றும் குட்டி விளையாட்டு பெயர் மாறி மாறித் திரும்ப வருகிறது. பீரங்கியில் உட்கார்ந்து சுடும் வேலைகள் சிலது, நீளத்துக்காகச் சேர்த்தது போல இருக்கும். பீட்டர் மெக்கானலின் இசை இந்த அலுப்பில் பாதியைத் தாங்கிக்கொள்கிறது. பதுங்கும்போது அடிபணிந்து, மாட்டிக்கொண்டதும் சீறும். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு. முதல் பாகத்தை விளையாடாதவர்கள் நேராக இதிலேயே தொடங்கலாம், முன்கதையை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.

முடிவைச் சொல்ல மாட்டேன். மூவரும் போனது போலவே திரும்பி வருவதில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கடைசி அத்தியாயத்தில் பென்ட்லி வரும் இடத்தில் பிள்ளைகள் கலங்கினால் பயப்பட வேண்டாம், அடுத்த பாகத்தில் அவன் இருக்கிறான்.

எனக்கு முடிவு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்பார். விமர்சனம் எழுத வேண்டியிருந்ததால், கூலிமில் என் அறையில், தனிச் சேமிப்பில் நான் மட்டும் முடித்துவிட்டேன் அக்கா. இதைப் படித்துத்தான் உங்களுக்குத் தெரியவரும், மன்னிக்க வேண்டும்.

கோலா கெத்தில் வீட்டுச் சேமிப்பு கனடா அத்தியாயத்தின் வாசலில் நிற்கிறது. படம் எடுத்தாயிற்று, திட்டமும் கேட்டாயிற்று. மர்ரேயின் வேலைகளை மட்டும் தொடாமல் வைத்திருக்கிறோம். தம்பி புலனத்தில் சொல்லிவிட்டான், “அண்ணே, அத யாரும் தொடக்கூடாது.” சித்திரைப் புத்தாண்டுக்கு வருகிறானாம். மருமகள் நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.